ஸ்கேனில் தெரிந்துவிடுமா, டாக்டர்?

கேள்வி: எனக்கு வயது 34. கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பிரிவில் இருக்கிறேன். இரண்டு வருடமாகப் பதற்றத்துக்கு எஸ்சிட்டலோபிராம் 10 மில்லிகிராம் சாப்பிடுகிறேன். படபடப்பு, கை நடுக்கம், நடுராத்திரியில் மூச்சு முட்டுவது எல்லாம் நன்றாகக் குறைந்துவிட்டது. ஆனால் மறதியும் கவனச் சிதறலும் அப்படியே இருக்கின்றன. ஒரு மெயிலைப் பாதி எழுதிவிட்டு இன்னொன்றைத் திறக்கிறேன். அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் துணி காயப்போடப் போய்விடுகிறேன். ஜிஎஸ்டி ரிட்டர்னுக்கு 20-ஆம் தேதி கடைசி என்றால் 19-ஆம் தேதி ராத்திரிதான் உட்காருகிறேன். அன்றைக்கு மட்டும் வேலை பறக்கிறது. பள்ளியில் படிக்கும்போது டிபன் பாக்ஸ் தொலைக்காத வருஷமே இல்லை என்று அம்மா இன்றைக்கும் சொல்வார். பெரியவர்களுக்கும் ஏ.டி.எச்.டி. உண்டு என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். இங்கே ஒரு மையத்தில் பிரெயின் மேப்பிங்கும் ஒரு ஸ்கேனும் எடுத்தால், பதற்றமா ஏ.டி.எச்.டி.யா என்று படத்திலேயே காட்டிவிடுவோம் என்கிறார்கள். 18,000 ரூபாய். கணவர், "இதெல்லாம் சோம்பேறித்தனம், நோய் கிடையாது" என்கிறார். ஸ்கேனில் வந்துவிட்டால் அவரும் நம்புவார். எடுக்கட்டுமா, டாக்டர்?

வாசகி, கோவை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

எடுக்க வேண்டாம். அந்த 18,000 ரூபாய் உங்களிடமே இருக்கட்டும். ஏன் என்று விளக்கமாகச் சொல்கிறேன். நீங்கள் கணக்குப் பார்ப்பவர், எண்களைக் கொண்டே சொல்லலாம்.

முதலில் ஒன்று. உங்கள் சந்தேகம் நியாயமானது. ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு குழந்தைகளோடு முடிந்துபோவதில்லை. அமெரிக்காவில் பெரியவர்களிடம் வீடுவீடாகச் சென்று நடத்திய ஒரு பெரிய கணக்கெடுப்பின் முடிவு 2006-ல் வெளியானது. 18 முதல் 44 வயதுக்குள் இருப்பவர்களில் 4.4 விழுக்காட்டினருக்கு இந்தக் கோளாறு இருப்பதாக அதில் மதிப்பிட்டார்கள். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, 47 விழுக்காட்டினருக்கு, ஏதாவது ஒரு பதற்ற நோயும் கூடவே இருந்தது. ஆகவே 'பதற்றமா, ஏ.டி.எச்.டி.யா' என்று கேட்கும்போதே மூன்றாவதாக ஒரு பதிலுக்கும் இடம் விட வேண்டும்: இரண்டும். அந்த மையம் உங்களுக்கு இரண்டே கதவுகளைத்தான் காட்டியிருக்கிறது.

இப்போது படத்துக்கு வருவோம். மூளையைப் படம் பிடித்து இந்தக் கோளாறைக் கண்டுபிடித்துவிடலாம் என்ற நம்பிக்கை சும்மா வந்ததில்லை. 1990-ல் அமெரிக்க தேசிய மனநலக் கழகத்தில் ஆலன் சமெட்கின் குழு ஓர் ஆய்வை வெளியிட்டது. சிறுவயதிலிருந்தே ஓயாத துறுதுறுப்பு உள்ள 25 பெரியவர்கள். அத்தனை பேருக்கும் அதே பிரச்சினையுள்ள பிள்ளைகளும் இருந்தார்கள். பெட் ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில், கவனம் தேவைப்படும் ஒரு வேலையைச் செய்யும்போது அவர்களுடைய மூளை செலவழித்த குளுக்கோஸ், மற்றவர்களைவிடச் சுமார் 8 விழுக்காடு குறைவு. அந்த இரண்டு படங்களும், ஒன்று பளிச்சென்றும் ஒன்று மங்கலாகவும், உலகம் முழுக்கப் பத்திரிகைகளில் வந்தன. பலர் மனதில் இன்றைக்கும் பதிந்திருப்பது அந்தப் படங்கள்தான். மூன்று வருடம் கழித்து அதே குழு வளரிளம் பருவத்தினரிடம் ஆய்வு செய்தபோது, மொத்த மூளையின் அளவில் அந்த வித்தியாசம் தெளிவாகக் கிடைக்கவில்லை. அந்தச் செய்தி முதல் செய்தி போன தூரம் போகவில்லை.

அதற்குப் பிறகு எம்.ஆர்.ஐ. பரவலானது, கணினிகள் பெரிதாயின, பல நாட்டு ஆராய்ச்சியாளர்கள் தங்கள் படங்களை ஒன்றாகச் சேர்த்தார்கள். 2017-ல் மார்ட்டின் ஹூக்மன் தலைமையில் வெளியான தொகுப்பு ஆய்வில் 23 மையங்களிலிருந்து ஏ.டி.எச்.டி. உள்ள 1,713 பேரின் படங்களும், இல்லாத 1,529 பேரின் படங்களும் இருந்தன. மூளையின் ஆழத்தில் இருக்கும் சில பகுதிகள் ஏ.டி.எச்.டி. உள்ளவர்களிடம் சராசரியாகக் கொஞ்சம் சிறியவை என்று தெரிந்தது. அதிக வித்தியாசம் தெரிந்தது அமிக்டலா என்ற பகுதியில். அது எவ்வளவு என்று கேளுங்கள். ஏ.டி.எச்.டி. உள்ள ஒருவரையும் இல்லாத ஒருவரையும் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுத்து, அமிக்டலா சிறிதாக இருப்பவருக்குத்தான் ஏ.டி.எச்.டி. என்று சொன்னால், நூறு முறையில் சுமார் 55 முறை சரியாக இருக்கும். காசைச் சுண்டினாலே 50 முறை சரியாக இருக்குமே! இன்னொன்றும் உண்டு. இந்த வித்தியாசம்கூடச் சிறுவர்களிடம்தான் கிடைத்தது. பெரியவர்களை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தபோது அது கணக்கில் நிற்கவில்லை. உங்களுக்கு 34 வயது.

ஒரு கூட்டத்தின் சராசரி, ஒரு தனி ஆளின் கதையைச் சொல்லாது. உங்கள் கம்பெனியில் இரண்டு ஷிப்ட்காரர்களின் உயரத்தைச் சராசரி எடுத்தால், ஒரு ஷிப்ட் அரை சென்டிமீட்டர் கூடுதலாக வரலாம். அதை வைத்துக்கொண்டு, கேட்டைத் தாண்டி வரும் ஒருவரைப் பார்த்து இவர் எந்த ஷிப்ட் என்று சொல்ல முடியுமா?

சரி, மனிதக் கண்ணுக்குத் தெரியாததைக் கணினி கண்டுபிடிக்காதா என்று நீங்கள் கேட்கலாம். அதையும் முயன்று பார்த்தார்கள். 2011-ல் உலகளவில் ஒரு போட்டி வைத்தார்கள். ஏழு முதல் இருபத்தொரு வயது வரையுள்ள 776 பேரின் மூளைப் படங்களையும் அவர்களுடைய நோய் விவரத்தையும் எல்லாக் குழுக்களுக்கும் கொடுத்துவிட்டு, புதிதாக 197 பேரின் படங்களைக் கொடுத்து யாருக்கு ஏ.டி.எச்.டி. என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். மற்ற எல்லாரையும்விடக் கூடுதலாகச் சரியாகச் சொன்னது கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகக் குழு. அவர்கள் மூளைப் படத்தைத் தொடவே இல்லை. வயது, ஆணா பெண்ணா, எந்தக் கைப் பழக்கம், நுண்ணறிவு மதிப்பெண் போன்ற விவரங்களை மட்டும்தான் பயன்படுத்தினார்கள். படத்தைப் பயன்படுத்தாததால் பரிசு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. எனக்கு இந்தத் துறையில் மறக்க முடியாத பாடம் அது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் அமைத்த நிபுணர் குழு 2018-ல் வெளியிட்ட அறிக்கையிலும், தனி ஒருவரின் மனநோயைக் கண்டறிய மூளைப் படங்கள் இன்னும் பெரிதாக உதவவில்லை என்றே சொன்னார்கள்.

உங்கள் விஷயத்தில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மேலே சொன்ன ஆய்வுகள் பெரும்பாலும் 'ஏ.டி.எச்.டி. உள்ளவர்' ஒரு பக்கம், 'எந்த நோயும் இல்லாதவர்' மறுபக்கம் என்று ஒப்பிட்டவை. பதற்ற நோய் உள்ளவர்களைப் பல ஆய்வுகளில் சேர்ப்பதே இல்லை. உங்கள் கேள்வி வேறு. ஏற்கெனவே பதற்றம் உள்ள ஒருவருக்கு ஏ.டி.எச்.டி.யும் இருக்கிறதா என்பதுதான் உங்களுக்குத் தெரிய வேண்டும். எளிய கேள்விக்கே சரியாகப் பதில் சொல்லத் தெரியாத கருவியிடம் கடினமான கேள்வியைக் கொண்டுபோய்க் கேட்கிறோம்.

பிரெயின் மேப்பிங் என்று உங்களிடம் சொன்னது பெரும்பாலும் கணினி வைத்து அலசும் இ.இ.ஜி.யாக இருக்கும். தலையில் ஒரு தொப்பியை மாட்டி, ஜெல் தடவி, மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்வார்கள். மெதுவான தீட்டா அலை எவ்வளவு, வேகமான பீட்டா அலை எவ்வளவு என்று விகிதம் போடுவார்கள். தீட்டா கூடுதலாக இருந்தால் கவனக்குறைவு என்பது அவர்கள் கணக்கு. 2013-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இப்படி ஒரு கருவிக்கு அனுமதி கொடுத்தது உண்மைதான். அது 6 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கு, அதுவும் மருத்துவரின் பரிசோதனைக்குத் துணையாக மட்டும். 2016-ல் அமெரிக்க நரம்பியல் அகாடமி அந்த விகிதத்தை ஆராய்ந்து, மருத்துவர் நேரில் செய்யும் மதிப்பீட்டுக்குப் பதிலாக இதை நம்பக் கூடாது என்று சொல்லிவிட்டது.

அந்த நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்திருப்பதை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். 'என்ன வருமோ' என்ற பயத்தில் தாடையை இறுக்கிக்கொண்டு, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு இருப்பீர்கள். தாடைத் தசையும் நெற்றித் தசையும் இறுகினால், அந்தத் தசைகளின் மின்சாரம் பீட்டா அலை இருக்கும் இடத்திலேயே வந்து கலக்கும். பீட்டா கூடினால் விகிதம் இறங்கும்; உங்களுக்கு உண்மையில் ஏ.டி.எச்.டி. இருந்தாலும் 'இல்லை' என்று வரலாம். முந்தின ராத்திரி சரியாகத் தூங்காமல் போயிருந்தால் நாற்காலியிலேயே லேசாகக் கண் சொருகும். தூக்கக் கலக்கத்தில் தீட்டா கூடும், உங்களுக்கு ஏ.டி.எச்.டி. இல்லாவிட்டாலும் 'இருக்கிறது' என்று வரலாம். குளோனசெபாம் போன்ற தூக்க மாத்திரை போட்டிருந்தால் அதுவும் பீட்டாவைக் கூட்டும். இப்படித்தான் பயமும் தூக்கமும் மாத்திரையும் சேர்ந்து அந்தக் கலர் படத்தை வரைகின்றன.

ரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்கேன்களிலும் இதே கதைதான். பதற்றமுள்ளவர்கள் தங்களுக்கே தெரியாமல் வேகமாக மூச்சு விடுவார்கள். வேகமாக மூச்சு விட்டால் ரத்தத்தில் கார்பன் டையாக்சைடு குறையும். அது குறைந்தால் மூளையின் ரத்தக் குழாய்கள் சுருங்கும். ரத்த ஓட்டம் குறையும். படத்தில் அந்த இடம் மங்கலாகத் தெரிந்தால் அதற்கு 'இங்கே செயல்பாடு குறைவு' என்று பெயர் வைப்பார்கள். ஸ்பெக்ட் என்ற ஸ்கேனில் இதற்காகக் கதிரியக்க மருந்தையும் ஊசியில் ஏற்ற வேண்டும். வேறு நல்ல காரணத்துக்காக அதை எழுதித் தரும்போது நானும் தயங்க மாட்டேன். இந்தக் கேள்விக்காக உங்கள் உடம்பில் அதை ஏற்றுவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

போன வருடம் என்னிடம் வந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நாற்பதைத் தாண்டியவர், சொந்தத் தொழில். ஒரு வழவழப்பான ஃபைலை மேஜையில் வைத்தார். பன்னிரண்டு பக்கம். தலையை மேலிருந்து பார்ப்பது போல வட்டவட்டமாகச் சிவப்பும் மஞ்சளும் நீலமும். கடைசிப் பக்கத்தில் 'கவனக்குறைவுக் கோளாறுக்கு ஒத்துப்போகிறது' என்று ஒரே ஒரு வரி. கூடவே முப்பது நாள் பயிற்சிக்கு ஒரு கட்டண விவரம். நான் ஃபைலை மூடி வைத்துவிட்டு, கூட வந்திருந்த அவருடைய அம்மாவைப் பார்த்து, "அம்மா, இவர் சின்ன வயசுல எப்படி?" என்றேன். அந்த அம்மா யோசிக்கவே இல்லை. "பென்சிலைக்கூடத் தொலைச்சதில்லீங்க. இவன்தான் கிளாஸ் லீடர். தம்பி நோட்டுக்கும் சேர்த்து இவன்தான் அட்டை போடுவான்" என்றார். மூன்று வருடத்துக்கு முன் வாங்கிய கடன் ஒன்று, அதற்குப் பிறகு மூன்று நான்கு மணி நேரத் தூக்கம், தூங்குவதற்காகத் தினமும் ஒரு மாத்திரை. அந்த வட்டங்கள் எதிலும் தேதி இல்லை. அந்த அம்மாவிடம் இருந்தது.

உங்கள் கடிதத்தில் நான் அடிக்கோடு போட்ட வரியும் அதுதான்: 'டிபன் பாக்ஸ் தொலைக்காத வருஷமே இல்லை'. நீங்கள் அதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் கடிதத்திலேயே பெறுமதியான வரி அது. ஏ.டி.எச்.டி. ஒருவருக்கு முப்பது வயதில் புதிதாக முளைப்பதில்லை. நாங்கள் பின்பற்றும் டி.எஸ்.எம்.-5 வழிகாட்டியின்படி, பன்னிரண்டு வயதுக்கு முன்பே சில அறிகுறிகளாவது இருந்திருக்க வேண்டும். கவனக்குறைவுக்கு ஒன்பது அறிகுறிகள், துறுதுறுப்புக்கும் அவசரத்துக்கும் ஒன்பது. பெரியவர்களாக இருந்தால் ஏதாவது ஒரு பக்கத்தில் ஐந்தாவது இருக்க வேண்டும். வீடு, வேலை என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் அது தெரிய வேண்டும். வாழ்க்கையை உண்மையில் தடுமாற வைக்க வேண்டும். அதோடு, இந்தத் தடுமாற்றத்துக்கு வேறொரு நோய் இன்னும் பொருத்தமான காரணமாக இருக்கக் கூடாது. இவற்றில் எதையும் ஸ்கேன் பார்த்துச் சொல்ல முடியாது. ஸ்கேன் இன்றைக்குப் பிற்பகல் மூன்று மணிக்கு உங்கள் தலைக்குள் நடப்பதைக் காட்டும். எனக்குத் தெரிய வேண்டியது உங்களுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது நடந்தது.

பெண் பிள்ளைகளிடம் இது தப்பிப் போவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பெஞ்சின் மேல் ஏறி ஓடும் பையனை டீச்சர் உடனே பார்த்துவிடுவார். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து காகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண்ணை யாரும் தொந்தரவாக நினைப்பதில்லை. வீட்டில் அம்மா பையை எடுத்து வைக்கிறார், அக்கா ஞாபகப்படுத்துகிறார், பரீட்சைக்கு முந்தின ராத்திரி அந்தப் பெண்ணும் விழுந்து விழுந்து படித்துப் பாஸாகிவிடுகிறார். கல்யாணம், குழந்தை, வேலை என்று எல்லாம் ஒரே தலையில் வந்து இறங்கும்போதுதான் தாங்கிப் பிடித்த கைகள் இத்தனை காலம் எத்தனை இருந்தன என்று தெரியவருகிறது. அந்த வயதில் படபடப்பும் சேர்ந்து வருவதால், பதற்றம் என்று மட்டும் பெயர் எழுதி மருத்துவம் தொடங்கிவிடுகிறோம். என் துறையில் நாங்கள் அடிக்கடி செய்யும் தவறு இது, நானும் செய்திருக்கிறேன்.

பதற்றத்தையும் கவனக்குறைவையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? என்னிடம் வருபவர்களிடம் நான் கேட்கும் ஒரு கேள்வி, வீட்டைப் பூட்டுவது பற்றி. "பூட்டினோமா என்று திரும்பிப் போய்ப் பார்ப்பீர்களா?" இரண்டு வகையினருமே "ஆமாம்" என்பார்கள். அடுத்து, "பூட்டாமல் போனது எத்தனை முறை நடந்திருக்கிறது?" என்று கேட்பேன். பதற்றம் மட்டும் இருப்பவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒரு தடவைகூட நடந்ததில்லை டாக்டர், ஆனாலும் மனசு கேட்காது" என்பார். ஏ.டி.எச்.டி. உள்ளவர் தலையைக் குனிந்துகொண்டு, "போன மாசம்கூட ரெண்டு தடவை. ஒரு தடவை சாவி கதவிலேயே தொங்கிக்கிட்டு இருந்தது" என்பார். முன்னவரின் பயத்துக்கு ஆதாரம் இல்லை. பின்னவர் வருடக்கணக்கில் அடிபட்டுக் கற்றுக்கொண்டது அந்தப் பயம். அவரிடம் போய், "சும்மா பயப்படாதீங்க, ஒண்ணும் ஆகாது" என்று சொன்னால் எப்படி எடுபடும்? ஆகியிருக்கிறதே!

மனம் எங்கே ஓடுகிறது என்றும் கேட்பேன். பதற்றத்தில் மனம் ஒரே பாதையில் ஓடும்: பிள்ளைக்கு என்ன ஆகுமோ, வேலை போய்விடுமோ, நெஞ்சு வலிக்கிறதே. கவலை தணிந்த நாட்களில் கவனம் திரும்பி வந்துவிடும். ஏ.டி.எச்.டி.யில் மனம் போகும் இடத்துக்குக் கவலையே வேண்டியதில்லை. ஜன்னலுக்கு வெளியே போன ஆட்டோவின் பின்னால் எழுதியிருந்த வாசகம் போதும். லீவு நாளிலும், சந்தோஷமாக இருக்கும்போதும் அது அப்படித்தான் இருக்கும். உங்களுக்கு மாத்திரையால் படபடப்பு அடங்கிய பிறகும் கவனம் வரவில்லை என்பது என்னை யோசிக்க வைக்கும் இன்னொரு தடயம்.

அப்புறம் அந்த 19-ஆம் தேதி ராத்திரி. நாள் முழுக்க ஓடாத வண்டி கெடு நெருங்கியதும் எப்படிப் பறக்கிறது என்று வீட்டில் உள்ளவர்களுக்குப் புரியாது. "இன்னைக்கு முடியுதுன்னா மத்த நாளும் முடியும்தானே, மனசு வைக்கிறதில்ல" என்பார்கள். உங்கள் கணவர் சோம்பேறித்தனம் என்று சொல்வதும் இதைப் பார்த்துத்தான் இருக்கும். ஆனால் அன்றைக்கு வண்டியை ஓட்டுவது பயம். தானாக ஸ்டார்ட் ஆகாத இன்ஜினைத் தள்ளி ஸ்டார்ட் செய்வது போல, வருடக்கணக்காகப் பயத்தை வைத்தே வேலையை முடித்துப் பழகியிருக்கலாம். அப்படிப்பட்டவருக்குப் பதற்றம் மட்டும் குறைந்தால், தள்ளிவிட ஆள் இல்லாமல் வேலை இன்னும் தேங்குவதும் உண்டு. மாத்திரை ஆரம்பித்த பிறகு வேலைத் தேக்கம் கூடியதா என்று நினைத்துப் பாருங்கள்; உங்கள் மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள்.

இவ்வளவு சொன்னாலும், உங்களுக்கு ஏ.டி.எச்.டி. இருக்கிறது என்று ஒரு கடிதத்தை வைத்து நான் சொல்ல மாட்டேன். நேரில் பார்த்து, ஒரு மணி நேரமாவது பேசி, உங்களைச் சிறுவயதிலிருந்து அறிந்த ஒருவரையும் இன்றைக்குக் கூட இருக்கும் ஒருவரையும் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் பதினெட்டுக் கேள்விகள் கொண்ட ஒரு படிவம் இருக்கிறது. அதில் முதல் ஆறு கேள்விகள் சல்லடை மாதிரி. நோய்க்கு வாய்ப்பு இருக்கிறதா என்று மட்டும் சொல்லும். பதற்றமுள்ளவர்களும் அதில் நிறைய மதிப்பெண் எடுப்பார்கள் என்பதால் அதையும் தனியாக நம்ப முடியாது.

பரிசோதனை ஏதாவது செய்துகொள்ள வேண்டும் என்று தோன்றினால், ரத்தத்தில் செய்துகொள்ளுங்கள். தைராய்டு, ஹீமோகுளோபின், பி12, சர்க்கரை. தைராய்டு கூடினால் படபடப்பு, குறைந்தால் மந்தம். இரண்டிலும் கவனம் போகும். ரத்தசோகை நம் ஊர்ப் பெண்களிடம் அவ்வளவு சாதாரணமாக இருக்கிறது. குறட்டை விடுவீர்களா, காலையில் தலைவலியோடு எழுகிறீர்களா என்று கணவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்; தூக்கத்தில் மூச்சுத் தடைபட்டாலும் பகலில் மனம் நிற்காது. மூளை ஸ்கேனுக்கும் ஒரு காலம் உண்டு. வலிப்பு வந்தால், தலையில் அடிபட்டால், ஒரு பக்கம் கை கால் பலவீனமானால், நன்றாக இருந்தவரின் சுபாவமோ ஞாபகமோ சில வாரங்களில் மாறிப்போனால், இதுவரை இல்லாத கடும் தலைவலி ஆரம்பித்தால், தாமதிக்காமல் எடுக்க வேண்டும். அங்கே நாங்கள் தேடுவது கட்டி, ரத்தக்கசிவு, வீக்கம் போன்றவற்றை. அதில் அந்தப் படம் உயிரைக் காப்பாற்றும்.

இனி, நீங்கள் கடைசியில் எழுதிய வரி. 'ஸ்கேனில் வந்துவிட்டால் அவரும் நம்புவார்.' அதைப் படித்ததும் எனக்கு மனம் கனத்தது. நீங்கள் தேடுவது நோயின் பெயரை மட்டுமில்லை, உங்களைச் சோம்பேறி என்று சொல்பவர்களுக்கு முன்னால் எடுத்து வைக்க ஒரு சாட்சி என்பது தெரிகிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்த ஸ்கேன் 'நார்மல்' என்று வந்தால்? ஏ.டி.எச்.டி. உள்ள பெரும்பாலானவர்களின் எம்.ஆர்.ஐ.யைப் படம் பார்க்கும் நிபுணர் நார்மல் என்றுதான் எழுதுவார். அன்றைக்கு வீட்டில், "பார்த்தாயா, மூளையில் ஒன்றுமே இல்லை, நான் அப்போதே சொன்னேனே" என்பார்கள். காசும் போய், சாட்சியும் உங்களுக்கு எதிராகத் திரும்பிவிடும்.

உங்கள் கணவருக்குக் காட்ட வேண்டிய மூளைப் படங்களை மற்றவர்கள் ஏற்கெனவே எடுத்துவிட்டார்கள். 2007-ல் பிலிப் ஷா குழு, ஏ.டி.எச்.டி. உள்ள 223 பிள்ளைகளையும் இல்லாத 223 பிள்ளைகளையும் வளர வளரப் படம் எடுத்து ஒப்பிட்டது. மூளையின் மேலடுக்கான புறணியில் பாதி அதன் உச்சத் தடிமனை எட்டும் வயது, மற்ற பிள்ளைகளுக்குச் சுமார் ஏழரை; ஏ.டி.எச்.டி. உள்ளவர்களுக்குச் சுமார் பத்தரை. மூன்று வருடத் தாமதம்! தனி ஒரு பிள்ளையைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது, ஆனால் கூட்டமாகப் பார்க்கும்போது தெளிவாகத் தெரிகிறது. இரட்டையர்களிடம் நடந்த ஆய்வுகளோ இந்தக் கோளாறில் பரம்பரையின் பங்கு ஏறக்குறைய முக்கால்வாசி என்கின்றன. இப்படி ஒரு நோய் உண்டு, அது மூளை வளர்ச்சியோடு தொடர்புள்ளது, மனசு வைக்காததால் வருவதில்லை என்று நிரூபித்தது இந்த ஆராய்ச்சிகள்தான். அதற்கு அந்த ஸ்கேன்களுக்கு நான் நன்றியோடு இருக்கிறேன். உங்களுக்கு அந்த நோய் இருக்கிறதா என்பதற்கு மட்டும்தான் வேறு வழியில் போக வேண்டியிருக்கிறது.

கணவரையும் கூட அழைத்துப் போங்கள். அவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதற்காக அல்ல. அவர்தான் தினமும் பார்க்கும் சாட்சி. "வீட்டில் இவங்க எதை எல்லாம் பாதியில் விடுறாங்க?" என்று மருத்துவர் கேட்கும்போது, குறை சொல்வதாக நினைத்து அவர் அடுக்கும் அத்தனையும் நோய் அறிகுறிகளின் பட்டியலாக மாறுவதை என் அறையில் பல முறை பார்த்திருக்கிறேன். பாதி சொல்லிக்கொண்டிருக்கும்போதே சிலர் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

ஏ.டி.எச்.டி. என்று முடிவானால் அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது, பதற்றம் கூடவே இருந்தாலும். மெத்தில்பெனிடேட் மாத்திரை சீக்கிரம் வேலை செய்யும். நம் நாட்டில் அது போதைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குள் வருவதால் மருத்துவர் சீட்டு இல்லாமல் கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொண்டே தருவோம்; சிலருக்குப் படபடப்பைக் கூட்டும் என்பதால் குறைந்த அளவில் ஆரம்பிப்போம். அடோமாக்ஸடின் இன்னொரு மருந்து. பலன் தெரியச் சில வாரங்கள் பொறுக்க வேண்டும். அதைச் சில மனச்சோர்வு மாத்திரைகளோடு சேர்த்தால் ரத்தத்தில் அளவு ஏறிவிடும் என்பதால், நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் எடுத்துப் போய்க் காட்டுங்கள். கர்ப்பமாக இருந்தாலோ, அதற்குத் திட்டமிருந்தாலோ முதலிலேயே சொல்லிவிடுங்கள். மாத்திரையோடு, வேலையைத் துண்டு துண்டாக்கி நேரம் குறித்துச் செய்யும் பழக்கங்களைச் சொல்லித் தரும் மனப்பயிற்சியும் பெரியவர்களுக்கு நன்றாகப் பலன் தருகிறது. கெடு 20-ஆம் தேதி என்றால், 12-ஆம் தேதி கூட வேலை செய்யும் ஒருவரிடம் பாதிக் கணக்கைக் காட்டுவதாக ஒப்புக்கொண்டுவிடுங்கள். பயத்தின் இடத்தில் ஒரு ஆளை உட்கார வைப்பது இது. இதற்கு நோயின் பெயர் தெரியும் வரை காத்திருக்க வேண்டாம், இந்த மாதமே செய்யலாம்.

இப்போது பார்க்கும் மருத்துவரிடமே முதலில் கேளுங்கள். 'பெரியவர்களுக்கான ஏ.டி.எச்.டி. மதிப்பீடு வேண்டும்' என்று வெளிப்படையாகச் சொல்லலாம், அவர் தவறாக நினைக்க மாட்டார். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவிலும் பார்க்கலாம். எங்கே போவது என்று குழப்பமாக இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம். தமிழில் பேசுவார்கள், கட்டணம் இல்லை. எஸ்சிட்டலோபிராமை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றலும் எரிச்சலும் வரும், அதையும் நோய் என்று நினைத்துக் குழம்புவீர்கள்.

போவதற்கு முன்னால் அம்மா வீட்டுக்கு ஒரு நடை போய் வாருங்கள். பீரோவின் அடித்தட்டில், பழைய துணிகளுக்குக் கீழே, உங்கள் ஆரம்பப் பள்ளி ரேங்க் கார்டுகள் இருக்கிறதா என்று தேடுங்கள். மதிப்பெண் எனக்குத் தேவையில்லை. கீழே டீச்சர் எழுதியிருப்பாரே, 'கெட்டிக்காரி, ஆனால் கவனம் போதாது', 'நோட்டுப் புத்தகம் கொண்டு வருவதில்லை' என்று, அந்த வரியைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கார்டு கிடைக்காவிட்டால் அம்மாவிடம் அந்த டிபன் பாக்ஸ் கதையை இன்னொரு முறை முழுதாகச் சொல்லச் சொல்லி, எந்த வகுப்பில், எத்தனை முறை என்று பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொள்ளுங்கள்.